சம்பளம் வந்த பத்தாம் நாளே கை காலியா? வேலூர்ப் பக்கத்துச் சம்பளக்காரருக்கு ஒரு செய்முறை

ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர் ஷூ கம்பெனி, வேலூர் ஆஸ்பத்திரி, லாங் பஜார் கடை என்று எங்கோ ஓரிடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து, மாதம் 15,000 முதல் 30,000 வரை கைக்கு வாங்குகிறவர்களுக்காக எழுதியது இது. பீடி சுற்றுபவர்கள், தறி ஓட்டுபவர்கள் மாதிரி வாரக்கூலி வாங்குகிறவர்கள் 'மாதம்' என்று வரும் இடங்களில் 'நான்கு வாரம்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கட்டுப்பாடு என்றால் மாதம் முழுக்க டீக்கடையிலும் துணிக்கடையிலும் ஆசையோடு மல்லுக்கட்டுவது என்று நினைத்து இறங்கினால் இரண்டாவது வாரமே தோற்றுவிடுவீர்கள். சம்பளம் ஏறுகிற அன்று அரை மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்தால் போதும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த அரை மணி நேரத்துக்கான ஏற்பாடுகள்தான்.

தேவைப்படுபவை: 40 பக்க நோட்டு ஒன்று, ஆதார், பான் அட்டை, இரண்டு பாஸ்போர்ட் போட்டோ, ஆதாரோடு இணைத்த கைபேசி எண், இருக்கிற எல்லா வங்கிப் புத்தகங்களும். கைச்செலவு நூறு ரூபாயைத் தாண்டாது. நேரம்தான் பிடிக்கும்: கணக்கு எழுத ஒரு முழு மாதம், வங்கிக்கும் தபால் நிலையத்துக்கும் ஓரோர் அரை நாள்.

1. முதல் மாதம் எதையும் குறைக்காதீர்கள், எழுதுங்கள்

இந்த மாதம் சிக்கனம் வேண்டாம். வழக்கம்போலச் செலவு செய்துவிட்டு, ராத்திரி படுக்கப் போகும்முன் நோட்டில் எழுதுங்கள். தேதி, தொகை, எதற்கு என்ற மூன்று பத்தி போதும். பெட்ரோல், பால், ரீசார்ஜ், பேருந்து, தம்பிக்கு அனுப்பியது, கைமாற்றாகக் கொடுத்தது, வாங்கியது எல்லாம் வரவேண்டும்.

ஜிபேயிலோ போன்பேயிலோ போனது அதில் பதிவாகியிருக்கும். அதை நம்பி எழுதாமல் விட்டால் ஏமாறுவீர்கள். ஏ.டி.எம்.மில் 2,000 எடுத்ததை மட்டும்தான் வங்கி காட்டும், அது எங்கே போனது என்று காட்டாது. கடைசியில் கணக்கில் வராமல் போவது பெரும்பாலும் இந்தக் கைக்காசுதான்.

நடுவில் இரண்டு நாள் விட்டுப்போனால், நினைவிருப்பதை ஒரே வரியில் 'சில்லறை, சுமார் 400' என்று எழுதிவிட்டுத் தொடருங்கள். முதலிலிருந்து சுத்தமாக ஆரம்பிக்கலாம் என்று அடுத்த ஒன்றாம் தேதிக்குத் தள்ளிவைப்பவர்கள்தான் இந்தப் படியைத் தாண்டுவதே இல்லை.

மாதம் முடிந்ததும் மூன்று கூட்டல் போடுங்கள்: கட்டியே ஆகவேண்டியது (வாடகை, தவணை, பள்ளி, கரண்ட்), வயிற்றுக்கும் வண்டிக்கும் போனது, மீதி. அந்த 'மீதி' உங்கள் கணிப்பைவிடப் பெரிதாக இருந்தால் பதறவேண்டாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

2. கடன் பட்டியல்: எல்லா வட்டியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்

நம் பக்கத்தில் ஒரே ஆளுக்கு ஐந்து வகைக் கடன் இருப்பது சாதாரணம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாஷையில் வட்டி சொல்லும். எல்லாவற்றையும் வருட சதவீதமாக்கி எழுதினால்தான் எது கழுத்தை நெரிக்கிறது என்று தெரியும்.

'ரெண்டு ரூபா வட்டி' என்றால் நூறுக்கு மாதம் 2 ரூபாய். வருடத்துக்கு 24 சதவீதம். மூன்று ரூபாய் வட்டி 36 சதவீதம். அடகுக்கடையிலும் இதே கணக்குதான்.

தண்டல் கடனில் வட்டி என்ற சொல்லே வராது. பத்தாயிரத்துக்குக் கையெழுத்து வாங்கி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டவேண்டும். 'ஆயிரத்தைந்நூறுதானே' என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. 8,500 முழுசாக 100 நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை. சரியாகக் கணக்குப் போட்டால் இது வருடத்துக்குச் சுமார் 120 சதவீதம், அதாவது மாதம் பத்து ரூபாய் வட்டி. ஒரு தண்டலை அடைக்க இன்னொரு தண்டல் வாங்கினால் அந்த 1,500 மறுபடியும் போகும்.

கிரெடிட் கார்டு: பல கார்டுகளில் மாதம் 3 முதல் 3.75 சதவீதம். நிலுவை 40,000, வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 1,400, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 252, ஆக 1,652. 'குறைந்தபட்சத் தொகை' 2,000 கட்டினால் அசலில் குறைவது 348 ரூபாய்தான். அதுவும் அந்த மாதம் கார்டைத் தொடாமல் இருந்தால். நிலுவையை வைத்துக்கொண்டே புதிதாகத் தேய்த்தால், வட்டியில்லாத நாட்கள் என்று சொன்ன சலுகை போய், புதுச் செலவுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

குழு லோன்: வாராவாரமோ மாதாமாதமோ கட்டுகிற மைக்ரோஃபைனான்ஸ் கடன். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக்கூடாது. 'இன்னொரு லோன் எடுத்துக்கங்கக்கா' என்று வீட்டு வாசலுக்கு வந்து கேட்கும்போது இந்த இரண்டும் நினைவிருக்கட்டும்.

பட்டியலில் விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க, சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று, எல்லாருடைய கடன் வரலாற்றையும் பதிந்து வைத்திருக்கும் நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அவர்களுடைய தளத்தில் பான் எண் போட்டு எடுக்கலாம். மாதச் சந்தா கேட்கும் திரை வந்தால் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் இலவச அறிக்கை இணைப்பைத் தேடுங்கள். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பேரில் இருந்தால் அங்கேயே ஆட்சேபம் பதியலாம்.

அடைக்கும் வரிசை: தண்டல், போன் ஆப் கடன், கார்டு, ரூபாய் வட்டி, குழு லோன், கடைசியில் வங்கிக் கடன். மற்ற எல்லாவற்றுக்கும் கட்டவேண்டியதை மட்டும் கட்டிக்கொண்டு, மிஞ்சுகிற பணம் முழுவதையும் வரிசையில் முதலில் நிற்பதன்மேல் போடுங்கள். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்துச் சமாளிப்பது மரியாதையாகத் தோன்றும்; வட்டி மட்டும்தான் அதில் வளரும்.

வீட்டில் நகை இருந்தால் தண்டலையும் ரூபாய் வட்டியையும் வங்கி நகைக்கடனுக்கு மாற்றுவது பெரும்பாலும் லாபம். 50,000 ரூபாய்க்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் வருடம் 12,000. பத்து சதவீத நகைக்கடன் என்றால் 5,000. ஆதார், பான், நகை, அந்த வங்கியில் கணக்கு இருந்தால் போதும். மதிப்பீட்டாளர் வரும் நாள் எது என்று முன்பே கேட்டுக்கொண்டு போனால் ஒரு காலை வேளையில் முடியும். மதிப்பீட்டுக் கட்டணமும் செயலாக்கக் கட்டணமும் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொறி எங்கே என்றால் வருடக் கடைசியில். வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைத்து, திருப்பி வைத்து, கடைசியில் நகையும் மீளாது. நகைக்கடன் வாங்கிய அன்றே, முன்பு தண்டலுக்குப் போன தினம் 100 ரூபாயை அதே கடன் கணக்கில் மாதாமாதம் 3,000 ஆகக் கட்டத் தொடங்குங்கள். வங்கிகள் இடையில் அசல் கட்ட விடுகின்றன.

3. கணக்கை இரண்டாகப் பிரியுங்கள்

சம்பளக் கணக்கும் ஜிபே கணக்கும் ஒன்றாக இருக்கும்வரை இந்த வழிகாட்டியில் வேறெதுவும் வேலை செய்யாது. சம்பளம் வரும் கணக்கைப் போனில் உள்ள ஜிபே, போன்பே மாதிரி ஆப் எல்லாவற்றிலிருந்தும் நீக்குங்கள். செலவுக்கு வேறு வங்கியில் இன்னொரு கணக்கு திறந்து, அதை மட்டும் போனோடு இணையுங்கள்.

அந்தச் செலவுக் கணக்கு, குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக இருக்கட்டும். வங்கியில் கேட்டால் 'அதெல்லாம் இப்ப இல்ல சார்' என்று சில இடங்களில் சொல்வார்கள். எல்லா வங்கியும் தந்தாக வேண்டிய கணக்கு அது. ஒரே வங்கியில் அடிப்படைக் கணக்கும் சாதாரணச் சேமிப்புக் கணக்கும் சேர்த்து வைக்க முடியாது என்பதால்தான் வேறு வங்கி என்கிறோம். ஆதாரும் பானும் போதும். ஏ.டி.எம். அட்டை கைக்கு வர ஒரு வாரத்துக்குமேல் ஆகலாம். அதுவரை பழைய ஏற்பாட்டை வெட்டாதீர்கள்.

இனிச் சம்பள நாள் அரை மணி நேரம். கைக்கு 20,000 வருவதாக ஓர் உதாரணம்:

வாடகை, கரண்ட், ரீசார்ஜ், தவணை: 8,500, சம்பளக் கணக்கிலேயே இருக்கும்.
சேமிப்பு: 1,000, நான்காம் படியில்.
வருடச் செலவுப் பை: 2,500, ஐந்தாம் படியில்.
வாரச் செலவு: 8,000, செலவுக் கணக்குக்கு.

இந்த 8,000-ஐ ஒரேயடியாக அனுப்பாதீர்கள். நான்கால் வகுத்து வாரம் 2,000 என்றும் வைக்காதீர்கள். மாதத்தில் நான்கு வாரத்தோடு இரண்டு மூன்று நாள் கூடுதலாக இருக்கிறது. கையேந்துவது அந்த இரண்டு மூன்று நாளில்தான். சம்பளம் 7-ஆம் தேதி என்றால் 7, 14, 21, 28 தேதிகளில் 1,850 வீதம், மீதி 600 அடுத்த மாதம் 5-ஆம் தேதி. வங்கி ஆப்பில் தேதி குறித்து அனுப்பும் வசதி இருந்தால் ஐந்தையும் அன்றே குறித்துவிடுங்கள்.

வாரப் பணம் வியாழக்கிழமையே தீர்ந்துவிட்டால்? அடுத்த வாரத்திலிருந்து எடுக்கலாம், ஆனால் நோட்டில் எழுதிவிட்டு எடுக்கவேண்டும்; அடுத்த வாரம் அவ்வளவு குறைத்தே போடவேண்டும். இது நடக்கும். மூன்று மாதம் தொடர்ந்து நடந்தால் வாரத் தொகையே பொருந்தவில்லை என்று அர்த்தம், வாடகைக்கோ வண்டிக்கோ கத்திரி வைக்க வேண்டியிருக்கும்.

சில்லறைச் செலவு கையை மீறிப் போகிறவர்களுக்கு, சிறு தொகையை முன்கூட்டியே ஏற்றிவைத்துச் செலவழிக்கும் யு.பி.ஐ. லைட் உதவும். அதில் அதிகபட்சம் 5,000 வரைதான் ஏற்றலாம், ஒரு முறைக்கு 1,000 வரைதான் போகும். வாரத்துக்கு 500 ஏற்றிவிட்டு, 'தானாக நிரப்பு' என்ற வசதியை மட்டும் நிறுத்திவையுங்கள். லைட்டில் போகும் ஒவ்வொரு செலவும் வங்கிப் புத்தகத்தில் தனித்தனியாக வராது, ஏற்றிய தொகை மட்டும்தான் வரும்; ஆப்பில் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டியது உங்கள் வேலை.

அதே உட்காரலில் ஆட்டோபே பட்டியலையும் (தானாகப் பணம் பிடிக்க நீங்கள் கொடுத்த அனுமதிகள்) திறந்து பாருங்கள். ஒரு ரூபாய்க்குச் சோதனைச் சந்தா என்று எப்போதோ ஒப்புக்கொண்டது மாதம் 199, 299 என்று போய்க்கொண்டிருக்கும். அங்கேயே ரத்து செய்யலாம்.

4. சேமிப்பு: எடுக்கச் சுலபமானது முதலில், கடினமானது பிறகு

முதல் இலக்கு, ஒரு மாதச் செலவு அளவுக்கு ஆபத்துக் காசு. இதற்குத் தபால் நிலைய ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு) சரிப்படாது. அது ஐந்து வருடக் கணக்கு. மூன்று வருடம் முடியும் முன் மூடவே முடியாது, மூன்று வருடத்துக்குப் பிறகு மூடினாலும் சாதாரணச் சேமிப்புக் கணக்கு வட்டிதான். ஆகவே முதலில் வங்கியில் 12 மாத ஆர்.டி. போடுங்கள், அவசரத்தில் உடைத்தால் வட்டியில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஆர்.டி. பிடிக்கும் தேதியைச் சம்பளத் தேதிக்கு மூன்று நாள் தள்ளி வையுங்கள். சம்பளம் 7 என்றால் 10. ஞாயிறு, பண்டிகை என்று கம்பெனியில் ஒருநாள் தள்ளிப்போனாலும் இடிக்காது. கடன் தவணை பிடிக்கப்போய்ப் பணமில்லாமல் திரும்பினால் உங்கள் வங்கி ஒரு கட்டணமும் கடன் கொடுத்தவர் ஒரு கட்டணமும் போடுவார்கள். தவணைத் தேதியை மாற்றித்தரச் சொல்லி எழுதிக் கேட்டால் பல நிறுவனங்கள் ஒரு முறை மாற்றித் தரும்.

ஆபத்துக் காசு சேர்ந்தபிறகு தபால் நிலைய ஆர்.டி.க்கு வரலாம். அப்போது எடுக்கக் கடினம் என்பதே அதன் நல்ல குணம். குறைந்தபட்சம் மாதம் 100 ரூபாய். 2023 அக்டோபரிலிருந்து வட்டி 6.7 சதவீதம், அரசு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிவிக்கும், ஆனால் நீங்கள் தொடங்கும்போது உள்ள வட்டியே ஐந்து வருடமும் தொடரும். அந்த விகிதத்தில் மாதம் 2,000 கட்டினால் 60 மாதத்தில் போடுவது 1,20,000, கிடைப்பது 1,42,700-க்குச் சற்று மேல்.

மாதத்தின் 15-ஆம் தேதிக்குள் கணக்குத் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்டவேண்டும். 16-க்குப் பிறகு தொடங்கினால் மாதக் கடைசி வேலை நாள் வரை நேரம். சம்பளம் தாமதமாகும் இடத்தில் வேலை என்றால் 16-க்குப் பிறகு போய்த் தொடங்குங்கள். தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். நான்கு மாதம் தவறிவிட்டால் கணக்கு நின்றுவிடும், அதை உயிர்ப்பிக்க இரண்டு மாதம்தான் அவகாசம். 12 தவணை கட்டியபிறகு அதன்மேல் பாதிவரை கடன் வாங்கலாம், அடகுக்கடைக்குப் போவதற்கு முன் இதை நினையுங்கள்.

முகவர் அக்கா வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டு போவார். வசதிதான். ஆனால் முகவர் அட்டையில் போடும் கையெழுத்தை மட்டும் நம்பாமல், தபால் நிலையப் புத்தகத்தில் வரவு ஏறியிருக்கிறதா என்று இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது வாங்கிப் பாருங்கள். கேட்டால் அவரை நம்பாத மாதிரி தோன்றுமே என்று கூச்சமாக இருந்தால் 'வட்டிக் கணக்கு பார்க்கணும்' என்று சொல்லி வாங்குங்கள்.

5. வருடச் செலவுப் பை

பட்ஜெட் போட்ட பலர் நான்காம் மாதம் கவிழ்வது இங்கேதான். மாதச் செலவைச் சரியாக எழுதியிருப்பார்கள். தீபாவளியும் மொய்யும் மாதச் செலவில் வருவதில்லையே.

ஒரு பக்கத்தில் பன்னிரண்டு மாதப் பெயர் எழுதி நிரப்புங்கள். தை: பொங்கல், முகூர்த்தங்கள். சித்திரை: சொந்த வீடு என்றால் வீட்டு வரி. வைகாசி: குடியாத்தம் பக்கம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, வரும் சொந்தங்களுக்கு விருந்து, மறுபடி முகூர்த்தம். ஜூன்: பள்ளிக் கட்டணம், நோட்டு, சீருடை. ஆடி: கிருத்திகைக்கு ரத்தினகிரியோ வள்ளிமலையோ திருத்தணியோ, அம்மனுக்குக் கூழ். ஆவணி: மறுபடி முகூர்த்தம். ஐப்பசி: தீபாவளி. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் இருப்பவர்கள் ரம்ஜானையும் பக்ரீத்தையும் எழுதும்போது அவை வருடாவருடம் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும் என்பதைக் கணக்கில் வையுங்கள். அடுத்த வருடப் பண்டிகை பன்னிரண்டு மாதம் முடியும் முன்பே வந்துவிடும். கூடவே வண்டி இன்சூரன்ஸ்.

நகரப் பகுதி வீட்டு வரிக்கு ஒரு குறிப்பு: அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரல் 30-க்குள், அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையாகக் குறையும்.

மொய்க்கு வீட்டில் இருக்கும் மொய் நோட்டையே எடுத்து உட்காருங்கள். யார் நமக்கு எவ்வளவு வைத்தார்கள், அவர்கள் வீட்டில் அடுத்து என்ன விசேஷம், அது எந்த மாதம் வரும் என்று அம்மாவையோ மாமியாரையோ கேட்டால் மனப்பாடமாகச் சொல்வார்கள். 'பெரியம்மா வீட்டுக் காதுகுத்து ஆவணியில, நமக்கு ஆயிரம் வச்சிருக்காங்க, ஆயிரத்தொண்ணு குறையக்கூடாது' என்ற அளவுக்குத் துல்லியமாக வரும். மொய் ஒரு கடன். வட்டியில்லாத, தேதி தெரிந்த கடன். அதைத் திடீர்ச் செலவு என்று எழுதுவது கணக்கில் செய்யும் பெரிய பிழை.

தீபாவளி 8,000, பள்ளி 7,000, மொய் 6,000, பொங்கல் 3,000, ஆடி 3,000, வண்டி 3,000 என்றால் மொத்தம் 30,000. பன்னிரண்டால் வகுத்தால் 2,500. இதைச் சம்பள நாளில் தனிக் கணக்கிலோ, ஏ.டி.எம். அட்டை வாங்காத தபால் சேமிப்புக் கணக்கிலோ போடுங்கள். பாதி வருடத்தில் தொடங்குகிறவர்களுக்கு முதல் தீபாவளிக்குப் பை நிறைந்திருக்காது. அந்த வருடம் மட்டும் போனஸிலிருந்து ஈடுகட்டலாம். போனஸ் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு அது, சட்டம் கணக்கில் எடுக்கும் வருடச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம். அடுத்த வருடம் முதல் போனஸ் முழுக்கக் கடன் பட்டியலின் முதல் வரிக்குப் போகட்டும்.

6. சீட்டு, நகைச் சீட்டு, 'மாதம் இவ்வளவு வட்டி'

சீட்டு கெட்டது என்று சொல்லமாட்டோம். கட்டாயமாகக் கட்டவைப்பதில் அதற்கு நிகர் குறைவு. ஆனால் கணக்கு தெரிந்து சேருங்கள். 20 பேர், மாதம் 5,000, ஒரு லட்சம் சீட்டு. ஒருவர் 30,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, எடுக்கிறார் என்றால் அவருக்கு 70,000. கம்பெனிக் கமிஷன் 5 சதவீதம் 5,000 போக மீதி 25,000-ஐ 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,250. அந்த மாதம் 3,750 கட்டினால் போதும். ஆரம்பத்தில் அவசரப்பட்டு எடுப்பவர் மற்ற 19 பேருக்கும் வட்டி கட்டுகிறார், இதுதான் உள்ளே நடப்பது. 2019 திருத்தத்துக்குப் பிறகு கமிஷன் 7 சதவீதம் வரை போகலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

1982 சீட்டு நிதிச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக் குழுவுக்கும் சீட்டுப் பதிவாளரின் முன் அனுமதியும் தொடக்கச் சான்றும் தனியாக வேண்டும். 'எங்க கம்பெனி பதிவானதுதான்' என்று சுவரில் மாட்டிய சான்றிதழைக் காட்டினால் போதாது. நீங்கள் சேரும் குழுவின் எண்ணைக் கேளுங்கள், ஒப்பந்த நகலை வாங்குங்கள். தெருவில் தெரிந்த அக்கா பிடிக்கும் சீட்டில் இதெல்லாம் இருக்காது. அதில் சேர்ந்தே ஆகவேண்டிய உறவு என்றால், முழுசாகப் போனாலும் வீடு ஆடாத தொகைக்கு மேல் போடாதீர்கள்.

நகைக்கடையின் 11 மாதத் திட்டத்தில், 11 மாதம் முடிந்ததும் சேதாரம் இல்லை என்பார்கள். எந்த டிசைனுக்கு, எத்தனை சதவீதம் வரை என்று எழுத்தில் கேளுங்கள். 3 சதவீத ஜி.எஸ்.டி. எப்படியும் உண்டு. இடையில் நிறுத்தினால் சலுகை போகும், பெரும்பாலும் ரொக்கமாகவும் தரமாட்டார்கள். கல்யாணத்துக்கு நகை வாங்கியே தீரவேண்டியவர்களுக்குச் சரி. சேமிப்பாக நினைத்துப் போடவேண்டாம்.

லட்சம் போட்டால் மாதம் ஐந்தாயிரம், எட்டாயிரம் என்று வட்டி வரும் திட்டங்களைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2022-ல் இப்படிப் பணத்தை இழந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இப்போதும் வேறு பெயரில் வருகிறது. ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்தில் அந்த நிறுவனத்துக்குப் பணம் வாங்க அனுமதி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால், முதல் ஆறு மாதம் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒழுங்காக வட்டி வந்திருப்பது எதற்கும் சாட்சியில்லை. வங்கியில் போட்ட பணத்துக்கே ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் காப்பீடு உண்டு. இவர்களிடம் அதுவும் கிடையாது.

7. போன் ஆப் கடனும் தவணைப் பொருளும்

ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப்பில் கைவைக்கும் முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: முக்கிய விவர அறிக்கை. ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் நிறுவனங்கள், மொத்தச் செலவையும் வருட சதவீதமாக்கி அதில் காட்டியாகவேண்டும். அது இல்லாமல் தொடர்பு எண்கள், படங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும் ஆப்பை உடனே அழித்துவிடுங்கள். பணம் தவறினால் உங்கள் சொந்தக்காரர்களுக்குத்தான் முதல் அழைப்பு போகும். அப்படி மிரட்டல் வந்தால் 1930 எண்ணில் புகார். ஒழுங்கான நிறுவனமாக இருந்தாலும் வசூல் ஆட்கள் காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் அழைக்கக்கூடாது.

வட்டியில்லாத் தவணை என்று போன் வாங்கும்போது, ரொக்கமாக வாங்கினால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். அந்தத் தள்ளுபடிதான் வட்டி. செயலாக்கக் கட்டணம் வேறு.

8. வீட்டிலும் நண்பர்களிடமும்

கைமாற்று கேட்பவரிடம் 'இல்லை' என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் மாதத்துக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள், உதாரணமாக 500. 'மச்சி, ஒரு அஞ்சாயிரம் தள்ளு, பத்தாம் தேதி தரேன்' என்று வந்தால், 'துட்டு எல்லாம் ஆர்.டி.ல போயிடுச்சுடா, ஐந்நூறுதான் இருக்கு' என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை; நான்காம் படியை முடித்தவர்களுக்கு உண்மையிலேயே கையில் இருக்காது.

ஜாமீன் கையெழுத்து இதைவிடப் பெரிய விஷயம். கடன் வாங்கியவர் கட்டவில்லை என்றால் முழுத் தொகைக்கும் நீங்களே பொறுப்பு, வங்கி முதலில் அவரைத்தான் துரத்தவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. உங்கள் சிபிலிலும் அது ஏறும். மாமனாரோ மேலாளரோ கேட்டாலும் ஒரு நாள் அவகாசம் கேட்டு, அந்தத் தவணையை நீங்களே கட்ட நேர்ந்தால் தாங்குமா என்று நோட்டில் போட்டுப் பாருங்கள்.

கணவன் மனைவி இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் ஒரே நோட்டு வைப்பது நல்லது. ஆளுக்கு ஒரு தொகை, கணக்குக் கேட்காத செலவுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். சண்டை பாதியாகக் குறையும்.

9. ஒரு முறை செய்து மறந்துவிட வேண்டியவை

வங்கியில் இரண்டு காப்பீட்டுப் படிவம்: விபத்துக் காப்பீடு வருடம் 20 ரூபாய் (18 முதல் 70 வயது), ஆயுள் காப்பீடு வருடம் 436 ரூபாய் (18 முதல் 50 வயது). ஒவ்வொன்றும் 2 லட்சம். மே கடைசியில் கணக்கில் பிடிப்பார்கள். அந்த வாரம் இருப்பு இல்லையென்றால் காப்பீடு அறுந்துவிடும்.

சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் 0.75 சதவீதம் போகிறதா என்று பாருங்கள். போகிறது என்றால் குடும்பத்தினர் பெயர்களை அதில் சேர்த்துவிடுங்கள். கம்பெனி வாசலைத் தாண்டினால் அட்டை இருப்பதையே மறந்துவிட்டுத் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தண்டல் வாங்குகிறவர்கள் அதிகம். ஈ.எஸ்.ஐ. இல்லாத, வருட வருமானம் 1,20,000-க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு, கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

எல்லாக் கணக்கிலும் நாமினி பெயர் இருக்கட்டும். கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்குகளில் குறிப்பாகப் பாருங்கள்.

10. தவறிய மாதம்

ஆஸ்பத்திரிச் செலவு வரும், ஓவர்டைம் நின்றுபோகும், ஆர்டர் இல்லையென்று கம்பெனியே பத்து நாள் மூடும். அப்போது சேமிப்பை முழுக்க நிறுத்தாதீர்கள், குறைந்த தொகைக்கு இறக்குங்கள். வங்கி ஆர்.டி.யில் தொகையை இடையில் பெரும்பாலும் மாற்ற முடியாது. அதனால்தான் 1,000 போட நினைப்பவர்கள் 500 வீதம் இரண்டு ஆர்.டி.யாகப் போடுவது வசதி. நெருக்கடியில் ஒன்றை மட்டும் மூடலாம்.

கடன் தவணை கட்ட முடியாத நிலை என்றால் தேதி தாண்டும் முன்பே கிளைக்குப் போய் எழுத்தில் சொல்லி, ஒரு நகலில் முத்திரை வாங்குங்கள். தாண்டியபிறகு போனால் அபராதக் கட்டணத்திலிருந்துதான் பேச்சு ஆரம்பிக்கும். எழுதிக் கொடுத்தும் 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் கொடுக்கலாம், விவரத்துக்கு 14448. முத்திரை வாங்கிய அந்த நகல்தான் அங்கே முதலில் கேட்கும் ஆவணம்.